பெயரும் ஊரும்

திருப்பதி,
18 ஜனவரி 1937

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

தங்கை யூனிஸ் எழுதுவது. பனிக்காலத்து இருமல் ஒன்றைத் தவிர எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. உங்கள் மூட்டுவலி எப்படி? அண்ணி எப்படி இருக்கிறார்கள்? வருகிற மாதத்தோடு உங்கள் சின்னவன் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அண்ணி கையால் எனக்கு ஒரு வரி வரவில்லை. கேட்டதாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தில் பாதி அண்ணனுக்கு. மறுபாதி என் மேற்பார்வையாளர் தேவானந்தம் ஐயாவுக்கு. நோயாளிப் பெண்களின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மனக்கஷ்டத்தைக் கேட்கிற எங்களுக்கு ஜில்லா முழுக்க நீங்கள்தானே மேலே? எனக்கு ஒரு காரியத்தில் வழி தெரியவில்லை.

நகரியிலிருந்து இந்திராணி என்று ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். கைத்தறிக் குடும்பம். பெண் குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்குத்தான் காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரம்மா இன்னும் வைத்திருக்கிறார்கள். போன வாரம் பக்கத்துக் கட்டில்காரி கண்ணயர்ந்த நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குச் சின்ன வயசுலேந்தே காக்கா வலிப்பு வரும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தபா. வெளிய தெரிஞ்சா கண்ணாலம் நடக்காதுன்னு எங்க நைனா என் வாயக் கட்டிட்டாரு. அவருக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது. இப்பிடிப் பொய்யிலயே குடித்தனம் பண்ணிக்கினு இருக்க முடியலக்கா" என்றாள்.

கணவன் செங்கல்வராயன் நல்லவனாம். "நானே சொன்னா கோச்சிக்குவாரு, ஆனா வுட்டுட மாட்டாரு. மாமியாரு காதுக்கு முதல்ல போச்சுன்னா நான் தொலைஞ்சேன்" என்கிறாள். அவன் அழைத்துப்போக வரும்போது சொல்லிவிடுகிறேன் என்று ஒரு நாள் சொல்கிறாள். மறுநாள் வேண்டாம் என்று அழுகிறாள்.

நான் அவளைத் துரிதப்படுத்தலாமா, அவளாகத் தைரியம் கொள்கிறவரை பேசாமல் பக்கத்தில் இருக்கலாமா? அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. அது அவளுக்கு நல்லதா கெட்டதா? படுத்தால் அவள் முகம்தான் வருகிறது. இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பேன்? ஊழிய விதிப்படி பெயரும் ஊரும் எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் சொல்வது வழி கேட்பதற்கு மட்டும். உங்களோடு நிற்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
யூனிஸ்


சித்தூர்,
8 பிப்ரவரி 1937

அன்புள்ள தங்கை யூனிஸுக்கு,

அண்ணன் தேவானந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம். மூட்டுவலிக்கு நொச்சித்தழை ஒத்தடம் கொடுக்கிறேன், பரவாயில்லை. உன் அண்ணி முழுக்கத் தேறிவிட்டாள். இடையிடையே தலைவலி, அவ்வளவுதான். கூட்டங்களில் முன்வரிசையில்தான் உட்காருகிறாள்.

உன் கடிதம் வந்தபோது பலமனேர் சபை வேலையாகப் போயிருந்தேன். அதனால் தாமதம். அதில் எழுதிய காரியம் என் உள்ளத்தை உருக்கிவிட்டது. அதை என்னோடு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. சனிக்கிழமை மாதக் கூட்டத்தில் ஜெபத்துக்கு வைத்தேன். பெண்கள் கண்ணீர் விட்டார்கள். நூல் வியாபாரி ஞானசிங்கின் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். எழுந்து நின்று தானே ஜெபித்தாள். இப்படி மனதைத் தொடும் ஒரு விண்ணப்பம் வந்து வெகு காலமாயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். உன் ஊழியத்துக்கு நல்ல பெயர்.

அடுத்த மாதமும் இப்படி இரண்டொன்று அனுப்பு. இருமலுக்குச் சுக்குக் கஷாயம் குடி.

உன் அண்ணன்,
தே. தேவானந்தம்


திருப்பதி,
11 பிப்ரவரி 1937

பிரியமான அண்ணனுக்கு,

யூனிஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நர்சு ஒருத்தி வந்து, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் உடனே எழுதுங்கள். அவள் பெயரைச் சொன்னீர்களா? நகரி என்று சொன்னீர்களா? கூட்டத்தில் எத்தனை பேர்?

நான் உங்களிடம் ஜெபம் கேட்கவில்லை அண்ணா. யோசனை கேட்டேன். துரிதப்படுத்தவா, காத்திருக்கவா என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி பதில் இல்லை. யார் தேம்பி அழுதார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் அழுதவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றி ஒன்றுமில்லை.

அண்ணிக்குத் தலைவலி எத்தனை நாளாக? நீங்கள் எழுதவேண்டாம், அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

தங்கை,
யூனிஸ்


சித்தூர்,
20 பிப்ரவரி 1937

அன்புள்ள யூனிஸுக்கு,

ஆசீர்வாதம். இவ்விடம் சுகம். அண்ணிக்கும் சுகம். அவளுக்குக் கடிதம் எழுத நேரம் கிடைப்பதில்லை.

உன் கடிதத்தில் இருந்த சூடு எனக்கு வருத்தம் தந்தது. பெயரும் ஊரும் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது? யாரோ ஒரு பெண்ணுக்கு எங்கேயோ ஒரு வியாதி என்று சொன்னால் யார் மனம் உருகும்? நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் நம் சபைப் பெண்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிறவர்கள். உன் அண்ணியும் அங்கேதான் இருந்தாள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

யோசனை கேட்டாயே, இதோ என் யோசனை. பொய் பாவம். அதை அவளுக்குக் கண்டிப்பாக எடுத்துச் சொல். தாமதிக்காமல் புருஷனிடம் உண்மையைச் சொல்லச் செய். அழுகிறவளோடு சேர்ந்து அழுவது ஊழியக்காரிக்கு அழகல்ல. நீ சிறு வயதிலேயே அப்படித்தான், கோழி அறுத்தால் அழுவாய்.

மார்ச் அறிக்கையை மறக்காதே.

உன் அண்ணன்,
தேவானந்தம்


திருப்பதி,
1 மார்ச் 1937

அண்ணனுக்கு,

என் சுகத்தைப் பற்றி எழுதும்படியாக இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள்.

ஞானசிங்கின் மனைவி தேம்பி அழுததோடு நிற்கவில்லை. வீட்டில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நூல் மூட்டையோடு நகரிக்குப் போனவர், விசாரித்துக்கொண்டு செங்கல்வராயன் வீட்டு வாசலிலேயே போய் நின்றிருக்கிறார். "உங்க மருமவளுக்கு வலிப்பு நிக்கணும்னு எங்க சபையில எல்லாரும் ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம், கவலப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். தறி நின்றுவிட்டதாம். தெருவே கூடிவிட்டதாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. உங்களில் ஒருவருக்காவது கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நான் அவரைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் மாமியார் செல்லியம்மா வந்தாள். வார்டில் தெலுங்குப் பெண்களும் தமிழ்ப் பெண்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலண்டை நின்று கத்தினாள்.

"இன்னாடி, அப்பனும் மவளும் சேந்து இழுப்ப மூட்ட கட்டி எம்மவன் தலையில ஏத்திட்டீங்களா? இவ பாலக் குடிச்சா கொயந்தைக்கும் வந்துடும். குடுடி இப்பிடி!"

குழந்தை மார்பில் இருந்தது அண்ணா. வாயிலிருந்து பிடுங்கி எடுத்தாள். டாக்டரம்மா ஓடி வந்து, பாலால் வலிப்பு வராது என்று இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதில் ஏறவில்லை. நான் வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். வண்டி போய்விட்டது.

செங்கல்வராயன் இரண்டு நாள் கழித்து வந்தான். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நல்லவன் என்று அவள் சொன்னது பொய்யில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. "சீக்கு வந்தா வரட்டுங்க, வைத்தியம் பாத்துக்கலாம். கட்னவங்கிட்ட சொல்லாதத சித்தூர்ல நாப்பது பேருக்குச் சொல்லிக்கினா பாருங்க, அதான் தாங்கல" என்றான்.

"அவ சொல்லலப்பா, என்கிட்டதான் சொன்னா. நான்தான் எங்க ஐயாவுக்கு எழுதினேன்" என்றேன்.

"நீங்க யாருங்க அதச் சொல்றதுக்கு?" என்று கேட்டான்.

இதற்குப் பதில் உங்களுக்கு வருகிறதா? வந்தால் எழுதுங்கள். அவன் திரும்பிப் போய்விட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வருவதாக இருந்தான். அன்றைக்கு வழியில் சொல்லிவிடுகிறேன் என்று அவளும் முடிவு செய்திருந்தாள். என்ன சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று நாங்கள் இருவரும் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்தோம். ரயிலில் வேண்டாம், ஸ்டேஷனில் உட்கார்ந்து சொல்கிறேன் என்றாள். அந்தப் பேச்சு அவளுடையது. அவள் புருஷனிடம் அவள் வாயால் சொல்லவேண்டிய பேச்சு. அதை நீங்கள் எடுத்து நாற்பது பேருக்குப் பந்தி வைத்துவிட்டீர்கள்.

பொய் பாவம் என்று கண்டிப்பாக எடுத்துச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லவில்லை. மாரில் பால் கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் தினமும் போகிறேன். ஒன்றும் பேசுவதில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன்.

மேற்பார்வையாளராகி மூன்று வருஷமாயிற்று. இந்த வார்டுக்குள் ஒரு நாளாவது வந்து, நான் எப்படிப் பேசுகிறேன், எப்படிக் கேட்கிறேன் என்று பார்த்திருக்கிறீர்களா? எங்களிடம் அறிக்கை கேட்டிருக்கிறீர்கள். உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டதுண்டா?

யூனிஸ்


சித்தூர்,
15 மார்ச் 1937

விசாரிப்பு ஊழியர் மிஸ் யூனிஸ் அவர்களுக்கு,

நகரி சம்பவம் வருந்தத்தக்கது. ஞானசிங்கைக் கண்டித்திருக்கிறேன். ஒருவர் வாய்க்கொழுப்புக்காக ஜெபக்கூட்டத்தையே குறை சொல்வது நியாயமல்ல.

உன் கடிதத்தின் தொனியைக் கமிட்டியாருக்குத் தெரிவிக்கும்படி நேர்ந்தது. அவர்கள் செய்த தீர்மானம் இது. ஏப்ரல் மாதக் கூட்டம் முதல் ஒவ்வொரு ஊழியரும் நேரில் வந்து, தாம் சந்தித்தவர்களின் காரியங்களைப் பெயரும் ஊரும் சொல்லி ஜெபத்துக்கு வைக்கவேண்டும். மறுக்கிறவர்கள் வேலையில் தொடர முடியாது. தங்கை என்பதற்காக நான் சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஏப்ரல் மூன்றாம் தேதி வந்து சேரவும்.

இவ்விடம் யாவரும் சுகம். அண்ணியும் சுகம்.

தே. தேவானந்தம்,
மேற்பார்வையாளர்


திருப்பதி,
22 மார்ச் 1937

மேற்பார்வையாளர் ஐயா அவர்களுக்கு,

உத்தரவு கிடைத்தது. வரமாட்டேன்.

வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுத ஆசைதான். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். இதைத் தவிர வேறொன்றும் நான் நன்றாகச் செய்ததில்லை. ஒரு பெண் தன் மாமியாரிடமும் அம்மாவிடமும் சொல்லமுடியாததை என்னிடம் சொல்லும்போது, அதை இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. நாளை அந்த இடத்துக்குச் சித்தூரிலிருந்து ஒரு ஜன்னல் இருக்கிறது என்று தெரிந்தால் யார் வாயைத் திறப்பாள்? இப்போதே வார்டில் ஒருத்தியும் திறப்பதில்லை. "இட்லி துன்னியாம்மா?" என்று கேட்டால் "துன்னேன்" என்கிறார்கள், அதோடு சரி. நான் வேலையில் இருந்தும் வேலை போய்விட்டது.

மேலே ஒருவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். எனக்குத்தான் அதிகமாக வேண்டும். நான் தடுமாறும்போது கேட்க, தப்பு செய்தால் இது தப்பு என்று சொல்ல, சொன்னது அவரோடு நிற்க ஒருவர் வேண்டும். நீங்கள் கேட்பது கூட்டத்தில் பரிமாறுவதற்கு. நான் கடிதம் எழுதியது எனக்குக் கூடப்பிறந்தவருக்கு என்று நம்பி. மேற்பார்வையாளர் உட்காருகிற நாற்காலியிலேயே அண்ணனும் உட்கார்ந்திருந்தால் நான் யாரிடம் போய் யாரைப் பற்றிச் சொல்வது?

பெயரும் ஊரும் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது என்று கேட்டீர்கள். கர்த்தருக்கு நகரி எங்கே இருக்கிறது என்று தெரியாதா ஐயா?

"அண்ணியும் சுகம்" என்று மூன்று கடிதமாக எழுதுகிறீர்கள். உங்களிடம் கேட்டதற்குப் பதில் அது. அண்ணியின் பதில் இன்னும் வரவில்லை.

யூனிஸ்


சித்தூர்,
28 ஏப்ரல் 1937

என் கண்ணான யூனிஸுக்கு,

அண்ணி கிருபாவதி எழுதுவது. எனக்குச் சுகமில்லை. நீ இத்தனை தடவை கேட்டாயே, அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

ஒரு வருஷமாக உனக்கு எழுதாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். நான் என்ன எழுதினாலும் தபாலில் சேர்க்குமுன் உன் அண்ணன் எழுத்துப் பிழை பார்ப்பதாக வாங்கிப் படிப்பார். எனக்கு இருந்த பிழை சிவப்பு மையால் திருத்துகிற பிழை இல்லை. அதனால் எழுதாமலே விட்டேன். இந்தக் கடிதத்தை நானே நடந்துபோய்ப் போடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏப்ரல் கூட்டத்தில் நடந்ததை நீ வேறு யார் வாயிலாவது கேட்குமுன் நானே சொல்கிறேன். அன்றைக்கு எல்லா ஊழியரும் வந்திருந்தார்கள், உன்னைத் தவிர. உன் அண்ணன் உன் பெயரை வாசித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். ஒவ்வொருத்தியாக எழுந்து பெயரும் ஊரும் சொன்னார்கள். பிச்சாட்டூரில் யாருக்கோ புருஷன் அடி, புத்தூரில் யாருக்கோ கொழுந்தன் தொல்லை. ஞானசிங்கின் மனைவி முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இங்கே சித்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் போலவே வேலை பார்க்கிற சுலோசனா எழுந்தாள். "ஒரு அம்மா, புள்ளயப் பறிகொடுத்தவங்க. ஒரு வருஷமா ஜெபமே வரலைன்னு சொன்னாங்க. சபையில வாய மட்டும் அசைச்சிக்கினு உக்காந்திருக்கேன், உள்ள ஒண்ணும் இல்லன்னாங்க. அவங்களுக்காக ஜெபிக்கணும்" என்றாள்.

"பெயர்?" என்றார் உன் அண்ணன்.

"பேர் வேணாங்கய்யா."

"ஊராவது?"

"அதுவும் வேணாங்கய்யா."

கமிட்டித் தீர்மானத்தை எடுத்து வாசித்தார். வேலை போய்விடும் என்று பொருள்படச் சொன்னார். சுலோசனாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அத்தனை கவனம் அவளுக்கு.

மறுபடியும் "பெயர் வேண்டும்" என்றார்.

நான் எழுந்தேன். முன்வரிசைதானே, சிரமமில்லை. "கிருபாவதி. ஊரு சித்தூரு" என்றேன்.

யூனிஸ், தலைவலிக்கு மருந்து வாங்கத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் போனேன். தலைவலி இல்லாத வாரமும் போனேன். சின்னவன் போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்ததை அங்கே சொன்னேன். அவள் தேற்றவில்லை, திருத்தவில்லை. கேட்டாள். அவள் அன்றைக்குக் கூட்டத்தில் பெயரில்லாமல் வைக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

நான் சொன்னதும் உன் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். திரும்பக் கழற்றினார். அதற்குள் ஞானசிங்கின் மனைவி எனக்காகச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். என் பெயரை அவள் இழுத்து இழுத்துச் சொன்னபோது உன் நகரிப் பெண்ணை நினைத்தேன். அன்றைக்கு அவள் பெயரைச் சொன்னபோது நானும் முன்வரிசையில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. உன் அண்ணன் மேல், அந்த அம்மாள் மேல், என் மேலும்தான். ஒரு வருஷமாக எனக்கு ஒன்றும் வராமல் இருந்தது. ஆத்திரமாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் ஐந்தாறு நாள் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் சோறு போடும்போது, "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா ஜெபத்துக்கு வெச்சிடுவீங்களே" என்றேன்.

சாப்பிடாமல் எழுந்து போனார். சுலோசனாவை வேலையிலிருந்து நீக்குகிற கடிதமும் உன்னை நீக்குகிற கடிதமும் எழுதிக் கையெழுத்தாகாமல் மேசை மேல் கிடந்தன. மறுநாள் பார்த்தேன், காணவில்லை. நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் குழந்தை கிடைத்ததா? சொல்லக்கூடாததென்றால் சொல்லாதே.

உன் அண்ணி,
கிருபாவதி


சித்தூர்,
7 ஜூன் 1937

அன்புள்ள தங்கைக்கு,

உன் சுகத்தைக் கேட்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன். தூக்கம் வருகிறதா?

அண்ணி உனக்கு எழுதியிருப்பாள். நான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. கமிட்டியில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொன்னேன். இருவர் எதிர்த்தார்கள், கடைசியில் ரத்தாயிற்று. இனி கூட்டத்தில் பெயரும் ஊரும் இல்லை. அறிக்கையிலும் வேண்டாம்.

நகரிப் பெண்ணின் நினைவு என்னை விடவில்லை. ஞானசிங்கிடம் விசாரிக்கலாம் என்று புறப்பட்டேன். பாதித் தெருவில் நின்று, இதையா திரும்பவும் செய்யப் போகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பினேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? குழந்தை யாரிடம் இருக்கிறது? கணவன் வந்தானா? விலாசம் அனுப்பு. நான் நேரில் போய் அவள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும். அதைச் செய்யாமல் என்னால் பிரசங்க பீடத்தில் நிற்க முடியவில்லை.

உன் அண்ணன்,
தேவானந்தம்


திருப்பதி,
19 ஜூன் 1937

அன்புள்ள அண்ணனுக்கு,

யூனிஸ் எழுதுவது. இருமல் போய்விட்டது. தூக்கம் சில நாள் வருகிறது. கேட்டதற்குச் சந்தோஷம்.

விலாசம் அனுப்பமாட்டேன்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல. உங்கள் கடிதம் வந்ததும் அவளிடம் கேட்டேன். இப்படி ஒருவர் வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்க நினைக்கிறார், வரலாமா என்று. "வேணாங்கக்கா. அவரு வந்தா அவரு மனசு ஆறும். வந்துட்டுப் போனாருன்னு ஊரு திரும்பப் பேசும். எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். மன்னிப்புக் கேட்பது உங்களுக்கு வேண்டியிருக்கிறது அண்ணா. அவளுக்கு வேண்டியிருப்பது யாரும் வராமல் இருப்பது. பிரசங்க பீடத்தில் நிற்க முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் கீழே உட்காருங்கள்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஒன்றே ஒன்றைச் சொல்ல அவளே அனுமதி கொடுத்தாள். நான் கேட்காமல், படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "கொயந்த எங்கிட்டதான் இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க. பாவம், அந்த மனுசன் தூங்கட்டும். வேற ஒண்ணும் எழுதாதீங்க." எழுதிவிட்டேன். வேறொன்றும் எழுதவில்லை.

சுலோசனாவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மாதம் ஒரு முறை அவள் அங்கிருந்து வருகிறாள், நான் இங்கிருந்து போகிறேன். பாகாலா ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில் அடுத்த ரயில் வரும்வரை உட்காருகிறோம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அவள் எங்கே தடுமாறினாள் என்று அவள் சொல்கிறாள், நான் எங்கே தடுமாறினேன் என்று நான் சொல்கிறேன். போன தடவை நான் நகரிக் காரியத்தில் முதல் நாளே செய்த தப்பை அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்குமுன், எங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்கவேண்டி வரலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கவேண்டாமா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரிதான். உங்களிடம் நான் எதிர்பார்த்தது இதைத்தான். நீங்களும் பாகாலாவுக்கு வரலாம், கேட்பதற்கு வருவதாக இருந்தால். பெண்கள் அறைக்குள் விடமாட்டார்கள், வெளியே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரலாம்.

கடிதத்தை முடிக்குமுன் அண்ணி எப்படி இருக்கிறார்கள் என்று வழக்கம்போல எழுதக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். இனி அதை உங்களிடம் கேட்பதில்லை. அவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்த உறைக்குள்ளேயே, வேறு உறையில், ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடுங்கள்.

உங்கள் தங்கை,
யூனிஸ்